காய்ந்த காற்றின் விலை

இலங்கையின் மாவனல்லையைச் சுற்றியுள்ள தேயிலை ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், ஜூன் மாதம் வந்தால் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்குத் தூக்கம் குறைவு. தென்மேற்குப் பருவமழை கடுகண்ணாவ மலைச்சரிவில் முட்டி நின்று கொட்டும். கொழுந்து சாக்கிலேயே நனைந்து வரும். அதை வாட்டும் மாடியில், நீளமான கம்பிவலைத் தொட்டிகளின் மேல் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றை ஊதுவார்கள். கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் ஒரு பகுதியை இந்தக் காற்று சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். ஆனால் மழை நாளின் காற்று ஏற்கெனவே வயிறு நிறைந்த காற்று. இன்னும் குடிக்க அதனிடம் இடமில்லை.

டீமேக்கர் இதைத் தோலால் ஊகிப்பதில்லை. சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கம் பக்கமாகத் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணி காயக் காயக் குமிழ் குளிரும். இரண்டு அளவுகளுக்கும் நடுவே இடைவெளி விழும். இடைவெளி அகலமாக இருந்தால் காற்றுக்குப் பசி இருக்கிறது என்று பொருள். அது சுருங்கிவிட்டால் அடுப்புப் பக்கத்திலிருந்து சூடான காற்றைக் கலந்துவிட்டாக வேண்டும். சூடேறிய காற்றுக்கு மறுபடியும் பசி எடுக்கும். அந்தப் பசியை விறகு கொடுத்துத்தான் வாங்க முடியும். காய்ந்த காற்று இந்த ஊரில் சும்மா கிடைப்பதில்லை என்பதைத் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த எவரும் சொல்வார்கள்.

ரப்பர்க்காரர்களுக்கும் இதே கணக்கு வேறு வடிவில் தெரியும். கேகாலை மாவட்டத் தோட்டங்களில் உறைந்த பாலைத் தகடாக உருட்டி, புகைக்கூடத்தில் கம்புகளில் தொங்கவிட்டு, 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டில் சில நாட்கள் வைத்திருப்பார்கள். முதல் நாள் தகடு சொட்டச் சொட்ட ஈரம். அன்றைக்குக் கூரைத் திறப்புகளை அகலமாகத் திறந்து விடுவார்கள். ஈரம் போகும், அதோடு சூடும் போகும். பிறகு திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவார்கள். அதிகம் திறந்தால் விறகு வீண்; சீக்கிரம் மூடினால் தகட்டில் பூஞ்சணம். இரண்டுக்கும் நடுவே ஒரு கை, அனுபவத்தால், திறப்பை நகர்த்திக்கொண்டிருக்கிறது.

அந்தக் கையின் சங்கடத்தைத் தீர்ப்பதாகச் சொல்லும் ஒரு சிறிய கருவியைப் பற்றியது இந்த அத்தியாயம். வீட்டுச் சுவரில் 16 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துளை. அதற்குள் ஒரு குழாய். குழாய்க்குள் ஒரு சிறு விசிறி, தேன்கூடு போலத் துளைகள் நிறைந்த ஒரு செராமிக் கட்டி, ஒரு தூசி வடிகட்டி. வேலை: அறையின் கெட்ட காற்றை வெளியே அனுப்ப வேண்டும், அதோடு போகும் சூட்டை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தனி அறைக்கான வெப்பம் மீட்கும் காற்றோட்டி என்று இதை அழைக்கலாம். இது குளிர்நாட்டில் பிறந்தது. மாவனல்லைச் சுவரில் பொருத்தினால் என்ன செய்யும் என்று கேட்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது.

குளிர்நாட்டில் அது பிறந்த கதை சுருக்கமானது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வீட்டைச் சூடாக்கும் செலவு தாங்க முடியாமல் போனது. ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, கூரை இடுக்கு எல்லாவற்றையும் அடைத்தார்கள். சூடு நின்றது, ஆனால் மூச்சுக் காற்றும் குசினி ஆவியும் உள்ளேயே நின்று, சுவர் மூலைகளில் பூஞ்சணம் கறுத்தது. 1977இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ரெஜைனா நகரில், பொறியாளர்கள் ஒரு சோதனை வீடு கட்டினார்கள். இடுக்கே இல்லாத தடித்த சுவர்கள், அதோடு வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்குக் கைமாற்றும் ஒரு பெட்டி. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் கட்டிய பாசிவ் ஹவுஸ் அதே வழியில் இன்னும் தூரம் போனது. இவற்றுக்கெல்லாம் கூரைக்குள் நீளநீளமான காற்றுக் குழாய்கள் வேண்டும். பழைய வீட்டில் அவற்றை எங்கே ஒளிப்பது? ஓர் அறைக்கு ஒரு துளை என்ற தனி அறைக் கருவிக்குத் தேவை வந்தது அங்கேதான்.

மாவனல்லையில் யார் இடுக்கை அடைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஏ.சி. பூட்டியவர்கள் அடைக்கிறார்கள். கொழும்பு–கண்டி வீதியின் இரு பக்கமும் கடைகளுக்கு மேலே புதிய அறைகள் எழும்பியிருக்கின்றன. வங்கிக் கிளை, ரியூஷன் வகுப்பு, மருந்துக்கடைக்குப் பின்னால் டொக்டர் பார்க்கும் அறை, படுக்கையறை. சுவரில் தொங்கும் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நம்புபவர்கள் நிறையப் பேர். வீட்டில் நாம் பூட்டும் சாதாரண ஏ.சி. அப்படிச் செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. வெளியே போகும் குழாய்களில் ஓடுவது குளிரூட்டும் வாயுவும் வடியும் தண்ணீரும்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 9 அடி. ஏறத்தாழ 30 கன மீற்றர் காற்று. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். நால்வரும் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுவார்கள். (தமிழ்நாட்டு வாசகர்கள் கார்பன் டை ஆக்சைடு என்று படித்துக்கொள்ளவும். எங்கள் பாடப்புத்தகங்களுக்கு இந்தப் பெயர்தான் பழக்கம்.) வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. முழுதாக அடைத்த அறையில் மணிக்கு மணி 1,300 பங்கு ஏறும். மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர் 1858இல் அறைக் காற்றுக்கு ஓர் எல்லை சொன்னார்: 1,000 பங்கு. அந்த வாயுவே அந்த அளவில் நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. மனிதர் மூச்சால் காற்று எவ்வளவு பழையதாகிவிட்டது என்பதற்கு அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அந்த எல்லையை நம் படுக்கையறை அரை மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். நிஜ அறையில் கதவடி இடுக்கு கொஞ்சம் காப்பாற்றும். காலையில் தலை பாரமாக எழும்பி, ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்காவது குற்றவாளி குளிராக இருக்காது.

1,000 பங்குக்குள் நிறுத்த இந்த நால்வருக்கும் மணிக்கு 70 கன மீற்றர் வெளிக்காற்று வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும். காசு கொடுத்துக் குளிர்வித்ததும் அதே ஜன்னலால் போகும். புகைக்கூடத்துக் கையின் சங்கடம் படுக்கையறைக்கு வந்துவிட்டது.

இனிக் கருவியைத் திறந்து பார்க்கலாம். ஜெர்மன் குளிர்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே 20 பாகை, வெளியே 0. விசிறி 70 விநாடிக்கு அறைக் காற்றை வெளியே தள்ளுகிறது. காற்று தேன்கூட்டுத் துளைகளூடாகப் போகும்போது தன் சூட்டைச் செராமிக்கில் விட்டுவிட்டு, குளிர்ந்து வெளியேறுகிறது. பிறகு விசிறி திசை மாறுகிறது. அடுத்த 70 விநாடி வெளிக்காற்று அதே துளைகளால் உள்ளே வருகிறது. செராமிக் பிடித்துவைத்திருந்த சூட்டை வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய அறைச் சூட்டோடு உள்ளே நுழைகிறது. எழுபது விநாடி என்ற கணக்கு தற்செயலானது இல்லை. அதிக நேரம் ஒரே பக்கம் ஓடினால் செராமிக் முழுதும் சூடாகி, இனிப் பிடிக்க இடமில்லாமல் சூடு வெளியே கசியும். அடிக்கடி மாற்றினால் விசிறி நின்று திரும்புவதிலேயே நேரம் போய்விடும், குழாய்க்குள் கிடந்த பழைய காற்றே திரும்பி வரும். பொதுவாக இரண்டிரண்டாகப் பொருத்துவார்கள். ஒன்று மூச்சு விடும்போது மற்றது மூச்சு இழுக்கும். இல்லாவிட்டால் அறை ஊதுவதும் சுருங்குவதுமாகக் கதவிடுக்குகளால் காற்றை இழுக்கும். விசிறிக்குச் சில வாட் மின்சாரம் போதும். சூட்டில் 80 சதவீதத்துக்கு மேல் மீட்கிறது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். நல்ல பொருத்தலில் அது முழுப் பொய்யும் இல்லை.

திசை மாற்றும் விசிறி என்றதும் எனக்குக் கொழுந்துத் தொட்டிதான் ஞாபகம் வரும். அங்கேயும் நடுவில் காற்றின் திசையை மாற்றுவதுண்டு, அடிக்கொழுந்து மட்டும் வாடாமல் மேல்கொழுந்தும் சமமாக வாட. நோக்கம் வேறு, கைவினை ஒன்றே.

சூட்டை ஒரு திடப்பொருளில் அடகு வைத்து மீட்கும் யோசனை பழையது. ஸ்கொட்லாந்தின் மதகுரு ரொபர்ட் ஸ்டர்லிங் 1816இல் வாங்கிய காப்புரிமையின் நெஞ்சே இதுதான். தன் சூட்டு இயந்திரத்துக்குள் காற்று போய்வரும் வழியில் இந்த அடகுக்கடையை வைத்து, அதற்குச் சிக்கனக் கருவி என்று பெயரிட்டார். 1850களில் சீமென்ஸ் சகோதரர்கள் உருக்கு உலைக்கு இரண்டு செங்கல் அறைகளைக் கட்டினார்கள். ஓர் அறையைப் புகை சூடாக்கும்போது மற்ற அறையிலிருந்து காற்று சூடு வாங்கும், பிறகு மாற்றிக்கொள்வார்கள். படுக்கையறைச் சுவரில் இன்று இருப்பது அந்த உருக்கு உலையின் பேரப்பிள்ளை.

அதற்கும் முந்தியது மூக்கு. அமெரிக்கப் பாலைவனத்தில் கங்காரு எலி என்று ஒரு சிறு பிராணி இருக்கிறது. தண்ணீரே குடிக்காமல் காய்ந்த விதைகளைத் தின்று வாழும். அதன் மூக்குவழி வெளிவரும் காற்று உடலைவிட நன்றாகக் குளிர்ந்திருப்பதை 1964இல் க்னுட் ஷ்மிட்-நீல்சனும் அவர் கூட்டாளியும் அளந்து காட்டினார்கள். உள்ளிழுக்கும் காய்ந்த காற்று மூக்குச் சுவரின் ஈரத்தை ஆவியாக்கிச் சுவரைக் குளிர்விக்கிறது. நுரையீரலிலிருந்து திரும்பி வரும் சூடான, ஈரமான காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் தன் தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறது. ஒரே வழியில் உள்ளும் வெளியும், சுவரில் அடகு. நம் மூக்கும் இதைக் கொஞ்சம் செய்கிறது, அந்த எலியின் சாமர்த்தியம் இல்லாவிட்டாலும்.

மூக்குக்கும் செராமிக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மூக்கின் சுவர் ஈரமானது, தண்ணீரையும் வாங்கிக் கொடுக்கத் தெரிந்தது. செராமிக் காய்ந்த கட்டி. அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும். ஜெர்மனியில் அது போதும். மாவனல்லையில் போதுமா?

பிற்பகல் 3 மணி, மழை விட்ட நேரம். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 75 சதவீதம். ஏ.சி. அறையில் 25 பாகை, 55 சதவீதம். ஒரு கிலோ வெளிக்காற்றை 30 பாகையிலிருந்து 25 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 5 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு கிலோ காற்று 20 கிராம் நீராவியைச் சுமந்து வருகிறது. அறைக் காற்றில் இருப்பது 11 கிராம். மிச்சம் 9 கிராமை ஏ.சி. தண்ணீராக்கிக் குழாயால் வடித்துவிட வேண்டும். நீராவி தண்ணீராகும்போது மறைவெப்பத்தைக் கக்கும், அதையும் ஏ.சி.தான் எடுத்தாக வேண்டும். அதற்கு 22 கிலோஜூல். மொத்தம் 27. அதில் வெப்பமானிக்குத் தெரிவது 5 மட்டும்.

மறைவெப்பம் என்ற சொல்லை யார் முதலில் தமிழாக்கினாரோ, அவர் ஈரமான ஊர்க்காரராக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கொரு நினைப்பு. ஏ.சி.க்குக் கட்டும் கரண்ட் பில்லில் புதுக்காற்றுக்கான பெரும் பகுதி இப்படி வெப்பமானியில் படாமல் மறைந்தே போகிறது.

செராமிக் இங்கே என்ன செய்யும்? அறையின் குளிர்ந்த காற்று வெளியேறும்போது அது 25 பாகைக்குக் குளிரும். பிறகு வெளிக்காற்று வரும்போது அந்த 5 கிலோஜூலில் 4ஐ மிச்சம் பிடித்துக் கொடுக்கும். ஈரம்? வெளிக்காற்று பனிக்கத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை. செராமிக் அதற்குக் கீழே குளிர்வதே இல்லை. ஆகவே நீராவி தேன்கூட்டுத் துளைகளூடாக ஒரு துளியும் சிந்தாமல் அறைக்குள் நடந்து போய்விடும். 27இல் 4. ஜெர்மனியில் 80 சதவீதம் மீட்ட கருவி இங்கே 15 சதவீதம் மீட்கிறது.

அதிகாலை 3 மணிக்கு நிலைமை இன்னும் வேடிக்கை. வெளியே 24 பாகைக்கு இறங்கியிருக்கும். உள்ளே 25. இப்போது மீட்க வேண்டிய குளிரே இல்லை, வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்தது. செராமிக்கோ தன் கடமை தவறாமல், வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்வரும் குளிர்ந்த காற்றுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். நல்ல கருவிகளில் இதற்காகத் திசைமாற்றத்தை மெதுவாக்கும் கோடைக்கால விசை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டாலும் ஈரம் தீராது. அந்த நேரத்து வெளிக்காற்றிலும் கிலோவுக்கு 17 கிராம் நீராவி இருக்கிறது.

டீமேக்கர் சொன்னதுதான். குளிர்நாட்டில் காசு கொடுத்து வாங்குவது சூடு. இங்கே காசு கொடுத்து வாங்குவது வறட்சி. மீட்பதென்றால் வாங்கினதைத்தானே மீட்க வேண்டும்?

அதைச் செய்யும் கருவியும் இருக்கிறது, ஆச்சரியமாக, காகிதத்தால் ஆனது. 1970இல் ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனம் லாஸ்னே என்ற பெயரில் ஒன்றை விற்கத் தொடங்கியது. ‘லாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ‘இல்லை’ என்று பொருள்படும் ‘நாய்’ என்ற ஜப்பானியச் சொல்லை ஒட்டிச் செய்த பெயர். (தமிழர் சிரிக்காமல் இருக்க முடியாது, பெயரை எழுதும்போது அவர்களே கொஞ்சம் திருத்திக்கொண்டதில் நமக்கு நிம்மதி.) இதில் திசைமாற்றம் இல்லை. தனிப் பாதைகளில் வெளியேறும் காற்றும் உள்வரும் காற்றும் ஒரே நேரத்தில் ஓடும். நடுவே விசேடமாகச் செய்த காகிதத் தாள்கள். சூடு தாளூடாகக் கடக்கும். நீராவியும் தாளில் ஊறி மறுபக்கம் கடக்கும். ஈரம் எப்போதும் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கே போகும். மாவனல்லையில் உள்வரும் காற்றின் ஈரம், வெளியேறும் காய்ந்த காற்றோடு தொற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விடும். பின்னாளில் பொலிமர் மென்தாள்களும், ஈரம் உறிஞ்சும் பூச்சுப் பூசிய சுழலும் சக்கரங்களும் வந்தன. அந்தப் பூச்சுகளில் ஒன்றின் நுண்துளை 3 ஆங்ஸ்ட்ரோம் அகலம். தண்ணீர் மூலக்கூறு நுழையும். அதைவிடப் பருமனான, நாற்றம் தரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் நுழையாது. கழிவறை வாசனை புதுக்காற்றோடு திரும்பி வராமல் இருக்க இந்த ஏற்பாடு.

மொத்தச் சுமையில் 60 சதவீதத்தை மீட்கும் தாள்கருவி ஒன்றை நம் படுக்கையறையில் வைத்தால்? 70 கன மீற்றர் புதுக்காற்றைப் பிற்பகலில் பதப்படுத்த ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ 0.2 அலகு மின்சாரம் எடுக்கும். தாள்கருவி அதில் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கும். செராமிக் பிடிப்பது 0.03 அலகு, அதாவது விசிறியின் செலவைக் கழித்தால் கணக்கில் எழுதவே கூச்சமாக இருக்கும் தொகை. ஒரு வீட்டுக்கு இரண்டுமே காசு மிச்சம் பிடிக்கும் வியாபாரம் இல்லை என்பதே என் எண்ணம். காலையில் தலை பாரமில்லாமல் எழும்ப வாங்கலாம்; மிச்சத்துக்காக வாங்குவதென்றால் வேண்டாம்.

பெரிய கட்டடத்தில் கணக்கு மாறும். கட்டுநாயக்கவில் பழைய தொழிற்கட்டடம் ஒன்றை நியூயோர்க்கின் கட்டடக் கலைஞர் ஜோர்டன் பார்னஸ் குழுவினர் ஆடை உற்பத்திக்கான ஸ்டார் இன்னொவேஷன் சென்டராக மாற்றியபோது, அது தெற்காசியாவின் முதல் பாசிவ் ஹவுஸ் கட்டடமானது. பனிக்கால வீட்டுக்காக எழுதிய விதிகளைக் கடலோரப் புழுக்கத்துக்குத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சுவர் உறை வெளியின் சூட்டையும் ஈரத்தையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. தையல் மேசைகளுக்கு வடிகட்டிய, ஈரம் குறைத்த புதுக்காற்று போகிறது. நூற்றுக்கணக்கானவர் மூச்சு விடும் கூடத்தில் மறைவெப்பத்தின் ஒவ்வொரு கிலோஜூலுக்கும் பில் வரும். அங்கே மீட்பவன் இலாபம் பார்ப்பான்.

இந்த விதிகளில் ஒன்று தனியே நின்று பார்க்க வேண்டியது. கட்டடத்தின் உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை வைத்தால், இடுக்குகளால் கசிவது மணிக்கு அந்தக் கட்டடத்துக் காற்றின் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது. இது பாசிவ் ஹவுஸ்காரர்களின் அளவுகோல். காற்றெல்லாம் மீட்கும் கருவி வழியாகவே போனால்தான் மீட்பதற்கு அர்த்தம். ஓட்டை வாளியில் தண்ணீரைச் சிக்கனம் செய்ய முடியாது. தனி அறைக் கருவியின் சின்ன விசிறிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகக் காற்று சுவரில் மோதினால் 15 பாஸ்கல் வரை அழுத்தம் எழும். சில வாட் விசிறி அதை எதிர்த்துத் தள்ளத் திணறும். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஓடி, அடகுக் கணக்கு குழம்பும். மழைக்கு முன் வீசும் காற்றுக்குப் பெயர்போன மலையடிவாரத்தில் இது சும்மா விட்டுவிடக்கூடிய குறை இல்லை. மண்குளவிகளை நான் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. 16 சென்ரிமீற்றர் துளை ஒன்றைச் சுவரில் திறந்து வைத்தால், எந்தப் பொறியாளரையும் கேட்காமல் அவை வீடு கட்டத் தொடங்கிவிடும்.

இவையெல்லாம் மின்சாரம் இருக்கும் வரைதான். இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அந்த இரவுகளில் ஏ.சி. அறைகளின் அடைத்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. சில திறக்கவில்லை, திறக்கும்படி கட்டியிருக்கவில்லை. அதே வருடம் எரிவாயு சிலிண்டருக்கு நீண்ட வரிசைகள். புகைபோக்கி இல்லாமல் கட்டிய நகரத்துக் குசினிகளில் விறகு அடுப்பு திரும்பி வந்தது. விறகை விடாதவர்களுக்கு இது செய்தியே இல்லை. 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் நாலில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தன.

விறகு அடுப்பிலும் சூடு மீட்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் உண்டு. 1980களில் இலங்கையில் உருவான அனகி என்ற களிமண் அடுப்பு அதற்குச் சாட்சி. ஒரே வார்ப்பில் இரண்டு பானைக்கு இடம். முன்பானையைச் சுடவைத்த தீயின் மிச்சம், ஒரு வளைந்த வழியால் பின்பானைக்குப் போகும். முன்னால் சோறு, பின்னால் பருப்பு. விறகு குறையும், சமையல் நேரம் குறையும். ஆனால் அனகிக்குப் புகைபோக்கி இல்லை. சூட்டை மீட்டது, புகையை அறைக்குள்ளேயே விட்டது. முன்பைவிடக் குறைந்த புகை, ஆனாலும் புகை.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயத்துக் காம்பராவும் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். முன்னே போட்ட படுக்கையறைக் கணக்கின் அதே அளவு. முன்னால் ஓர் இஸ்தோப்பு (வராந்தா), ஓர் ஓரத்தில் அடுப்பு, தலைக்கு மேல் தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பத்தின் காம்பரா. குறுக்கே காற்று ஓட எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் வைக்க இடமே கிடையாது. ஒற்றை வெளிச்சுவர் மட்டும் உள்ள அறைக்கு ஏற்றது என்று தனி அறைக் கருவியின் காட்டலொக்கில் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு இந்தக் காம்பராதான் மனதில் வந்தது. காகிதத்தில் அது பொருந்தும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கும் வீட்டில், 0.6 என்ற அளவுகோலை எடுத்து வைப்பதே கேலி. இடைவெளி இருந்தும் உள்ளே புகை நிற்பதற்குக் காரணம், மழைக்கும் பனிக்கும் அந்த இடைவெளியில் சாக்கும் பழைய பத்திரிகையும் செருகியிருப்பது. ஈரக் காற்றில் விறகும் சரியாக எரியாது, புகை கூடும்.

அங்கே மீட்க எதுவும் இல்லை. யாரும் அங்கே சூட்டையோ வறட்சியையோ விலைக்கு வாங்கவில்லை. தேவை பழைய புகையும் ஈரமும் போக ஒரு வழி. அந்த வழிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. 100 பாகைச் சூட்டுப் புகை நிறைந்த 3 மீற்றர் புகைபோக்கி தானாகவே 7 பாஸ்கல் அளவுக்கு இழுக்கும், அந்தச் சிறு விசிறியின் பலத்தோடு ஒப்பிடக்கூடிய இழுவை, அடுப்பு எரியும்வரை சும்மா. இரட்டை லயத்துக்கும் ஒரு வழி உண்டு. இரண்டு வரிசைக் காம்பராக்களுக்கும் பொதுவான கூரை முகட்டைக் கொஞ்சம் உயர்த்தி, அதன் நெடுக மழை நுழையாத ஒரு திறப்பு வைத்தால், இரண்டு பக்கத்துப் புகையும் அங்கே ஏறிப் போகும். தச்சருக்குப் புதிய வேலை இல்லை இது. ரப்பர் தோட்டங்களில் லயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் புகைக்கூடம் வரும். அதன் கூரையில், தகடு பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, திறந்து மூடும் பலகையோடு அந்தத் திறப்பை முதல் நாளிலிருந்தே வைத்துக் கட்டியிருப்பார்கள்.